ஒரு மழைக்கே செல்லூர் மூழ்குகிறது: வடிகாலைப் பெரிதாக்கினால் போதுமா?

கேள்வி, 26 அக்டோபர் 2024

நேற்று மதியம் மதுரையில் பெய்த மழையில் நரிமேடு, செல்லூர், ஆழ்வார்புரம் எல்லாம் தண்ணீர். எங்கள் தெரு மாவு மில்லுக்குள் இடுப்பளவு நின்றது. தெருவில் இருக்கும் மழைநீர் வடிகால் மூன்றடி அகலம்தான். அதை ஆறடியாகக் கட்டிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. குழாய் வேலை, கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 26 அக்டோபர் 2024, இரவு

தீராது. செல்லூரில்தான் இருக்கிறேன், 1993-லிருந்து பிளம்பிங் வேலை. நான் தொழிலுக்கு வந்த வருஷம்தான் நவம்பரில் வைகையில் பெரிய வெள்ளம். அதற்கப்புறம் எங்கள் தெருவில் பார்த்த பெரிய தண்ணீர் நேற்று பார்த்தது.

மதுரையில் நேற்று மொத்தம் 9.8 செ.மீ. மழை என்கிறார்கள். அதில் 4.5 செ.மீ. மதியம் 3 மணியிலிருந்து 3.15-க்குள் கொட்டியிருக்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 4.5 செ.மீ. விழுந்தால் ஏறக்குறைய 4,200 லிட்டர். அதாவது நாலு சின்டெக்ஸ் டேங்க் தண்ணீரைக் கால் மணி நேரத்தில் ஒவ்வொரு வீடும் தெருவில் கவிழ்த்துவிடுகிறது. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 45 லட்சம் லிட்டர் வரும்.

நேற்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் வாசலுக்கு எதிரே வடிகால் சிலாப்பில் கை நுழைகிற அளவு ஓட்டை இருக்கிறது. முதல் பத்து நிமிஷம் தெருத் தண்ணீர் அதற்குள் சுழித்து இறங்கியது. அப்புறம் சுழி நின்றது. கொஞ்ச நேரத்தில் அதே ஓட்டையிலிருந்து கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து மேலே வந்தது. வடிகால் போய்ச் சேர்கிற பந்தல்குடி கால்வாய் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கால்வாய் நிறைந்தபின் மூன்றடி வடிகாலும் ஒன்றுதான், ஆறடி வடிகாலும் ஒன்றுதான். ஆறடியில் இன்னும் அதிகமாகத் திரும்பி வரும்.

27 அக்டோபர் 2024, காலை

திருத்தம். 45 லட்சம் இல்லை, 4.5 கோடி லிட்டர். ஒரு சைபர் விட்டுப்போனது. கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் பார்த்துச் சொன்னாள். மன்னிக்கவும், இந்த விஷயத்தில் ஒரு சைபர் என்பது சின்ன தப்பு இல்லை.

அவளையே வைத்து மீதிக் கணக்கும் போட்டேன். மூன்றடி அகலம், மூன்றடி ஆழம் உள்ள வடிகால், குப்பை மண் ஒன்றும் இல்லாமல், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் கால் மணி நேரத்தில் ஏழரை லட்சம் லிட்டர் கடத்தும். விழுந்த மழையில் ஐந்தில் நாலு பங்கு ஓடி வருகிறது என்று வையுங்கள், வீடும் தாரும் சிமெண்டுமாக இருக்கிற செல்லூரில் அது அதிகமில்லை. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 3.6 கோடி லிட்டர். அதைப் பெய்கிற வேகத்திலேயே வெளியேற்ற 48 வடிகால் வேண்டும், 48-ம் சுத்தமாக இருக்க வேண்டும், கடைசியில் ஆறு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மழையை வடிகாலால் மட்டும் ஜெயிக்க முடியாது. தண்ணீர் ஓடுவதற்கு வழி இருக்கிற மாதிரி, கொஞ்ச நேரம் நிற்பதற்கும் இடம் வேண்டும்.

27 அக்டோபர் 2024, இரவு

"நிற்கிற இடத்தில்தான் எல்லாரும் வீடு கட்டிவிட்டீர்களே, எல்லாவற்றையும் இடி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபம் புரிகிறது. நானும் மழை நாளில் அதைத்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீடே 1988-இல் அப்பா கட்டியது. பட்டா இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, 36 வருஷமாக வீட்டு வரி கட்டுகிறோம். பின் சுவரை ஒட்டி அப்போது ஒரு ஓடை இருந்தது. நான் அதில் கெண்டைக்குஞ்சு பிடித்திருக்கிறேன். இன்று அது இரண்டடிச் சாக்கடை. யாரை இடிப்பது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று என்னால் சுலபமாகச் சொல்ல முடியவில்லை.

உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2004-இல் திறந்தார்கள். அது நிற்பது உலகனேரிக் கண்மாய் நிலம். மாநகராட்சி அலுவலகம் நிற்பது தல்லாகுளம் கண்மாய். ஊர்ப் பெயரில் குளமும் ஏரியும் இருக்க, தண்ணீருக்குத்தான் இடம் இல்லை. ஓட்டு வீட்டுக்காரனை மட்டும் ஆக்கிரமிப்பு என்று சொல்லக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

28 அக்டோபர் 2024

"மழை நாலு மணிக்கு ஓய்ந்துவிட்டது, தண்ணீர் ஏன் ராத்திரி ஏறியது?" முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

செல்லூர் கண்மாய் தனிக் கண்மாய் இல்லை. வடக்கே குலமங்கலம், ஆனையூர், ஆலங்குளம், முடக்காத்தான், சிலையனேரி என்று சங்கிலிமாதிரி கண்மாய்கள். மேல் கண்மாய் நிறைந்தால் மிஞ்சியது கலுங்கு என்கிற வழிவாய் வழியே மறுகாலாகப் பாயும். அந்த மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கடைசிக் கண்மாய் நிறைந்தால் ஆற்றுக்குப் போகும். கரை, வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடை, கலுங்கு மூன்றும் சரியாக இருந்தால் ஒவ்வொரு கண்மாயும் வருகிற தண்ணீரை வாங்கி, தன் வயிற்றை நிரப்பிக்கொண்டு, மிச்சத்தை மெதுவாகத்தான் விடும். ஒரு மணி நேரத்து மழை கீழே வந்து சேர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். நம் ஊர் வெள்ளத் தடுப்பு அதுதான். வயலுக்கு நீர் தேக்குவதற்கென்று வெட்டினார்கள், வெள்ளத்தையும் அதுவே தாங்கியது.

இப்போது வயல் போய்விட்டது. வயல் போனதும் மடையைத் திறக்கவும் அடைக்கவும் ஆள் இல்லை. எங்கள் அப்பத்தா ஊரில், மேலூர்ப் பக்கம், நீர்க்கட்டிக்கு, அதாவது கண்மாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு, ஒவ்வொரு வீடும் அறுப்பில் நெல் கொடுக்கும். கார்த்திகை மழையில் நடு ராத்திரி அவர் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடப்பார். கரையில் எங்கே நண்டு வளை இருக்கிறது, எங்கே கசிகிறது என்று காலால் மிதித்தே சொல்வார். மடையில் இறங்கி மூச்சடக்கி அடைப்பைக் கழற்றுவதும் அவர்தான். செல்லூர் கண்மாய்க்கு அப்படி ராத்திரி நடக்கிற ஒரு மனிதர் இன்று யார்?

வண்டலை அள்ளுவது நின்றது. முன்பு சித்திரை, வைகாசியில் வண்டி கட்டிக்கொண்டு போய்க் கரம்பை மண் அள்ளி வயலுக்குப் போடுவார்கள். உரமும் ஆச்சு, கண்மாயும் ஆழமாச்சு. இப்போது மண்ணோடு கட்டட இடிபாடும் சேர்ந்து மேடாகிக் கிடக்கிறது. அதனால் மேலேயிருந்து வந்த மறுகால் தண்ணீர் அன்று செல்லூர் கண்மாயில் தங்கவில்லை. அப்படியே பந்தல்குடிக்கு இறங்கியது. அங்கே ஏற்கெனவே நம் தெருத் தண்ணீர் நிற்கிறது. ராத்திரி ஏறியது இதனால்தான்.

30 அக்டோபர் 2024

நாளை தீபாவளி. கட்டபொம்மன் நகரில் ஒரு வீட்டில் மோட்டார் கழற்றப் போனேன். புதுத் துணி எல்லாம் சேற்றில். அந்த அம்மா கேட்டார்: "தம்பி, தண்ணி வந்தாக்கூடப் பரவாயில்ல, இந்த நாத்தம் எப்பப் போகும்?"

அந்தக் கேள்வி மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. வந்தது மழைத் தண்ணீர் என்றுதானே நாலு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன்? வீட்டுக்குள் வந்தது மழைத் தண்ணீர் இல்லை.

30 அக்டோபர் 2024, சற்று நேரம் கழித்து

சாலை உயர்ந்ததாலும் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறதா என்று கேட்டவருக்கு: எங்கள் வாசலில் 1988-இல் ஐந்து படி. இன்று இரண்டு. மூன்று படிகள் சாலைக்குள் போய்விட்டன. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டால் வேறு என்ன ஆகும்?

3 நவம்பர் 2024

இதை எழுத வேண்டுமா என்று நாலு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

மதுரைக்கு மழைநீர் வடிகால் தனி, பாதாளச் சாக்கடை தனி. காகிதத்தில் அப்படித்தான். வடிகால் மழையை ஆற்றுக்குக் கொண்டுபோக வேண்டும், பாதாளச் சாக்கடை கழிவை அவனியாபுரம், சக்கிமங்கலம் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டும் சேரவே கூடாது.

நான் சேர்த்திருக்கிறேன். ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை. மொட்டைமாடியிலிருந்து நாலு இஞ்ச் பைப் இறங்கும். அதைத் தெரு வடிகாலுக்குக் கொண்டுபோக வாசல் தரையை உடைக்க வேண்டும், டைல்ஸ் போகும், வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். பக்கத்திலேயே பாத்ரூம் சேம்பர், அதாவது கழிவு பாதாளச் சாக்கடைக்குப் போகிற தொட்டி, இருக்கும். ஒரு எல்போ, மூன்றடி பைப், அரை மணி நேர வேலை. "தண்ணி எங்கயாச்சும் போனாச் சரி" என்பார்கள். நானும் மாட்டிவிட்டு வருவேன். எல்லாரும் இப்படித்தான் செய்தோம் என்று சொல்லலாம், ஆனால் என் கையால் செய்தது எனக்குத் தெரியும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், மழை பெய்ததும் வீட்டுக்கு 4,000 லிட்டர் சாக்கடைக் குழாய்க்குள் இறங்குகிறது. அந்தக் குழாய் குளிக்கிற, துவைக்கிற, கழிக்கிற தண்ணீருக்கு மட்டும் போட்டது. தாங்காமல் தெருவில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும். பொங்கியது மழைநீர் வடிகாலுக்குள் போகும். இன்னொரு பக்கம், பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகள் செப்டிக் டேங்க் வழிவதை நேராக மழைநீர் வடிகாலில் விட்டிருக்கின்றன. மழைநீர் சாக்கடைக்குள், சாக்கடை மழைநீருக்குள். கட்டபொம்மன் நகர் அம்மா கேட்ட நாற்றத்துக்கு விடை இதுதான். அவர் வீட்டுக்கு மேல் பக்கம் நான் வேலை செய்த வீடுகளும் இருக்கின்றன.

5 நவம்பர் 2024

மானாமதுரை அண்ணன் ஒருவர் எழுதியது, அப்படியே தருகிறேன்: "நீங்க எல்லாரும் தண்ணிய எப்படி வெளியேத்துறதுன்னே பேசுறீங்க. வெளியேன்னா எங்க ஊரு தம்பி. வைகை உங்க ஊரோட முடியல."

அண்ணே, நியாயம். வருஷநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் போகிற ஆறு. திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி கடந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்குப் போகிற தண்ணீர். வழி நெடுக ஆற்று மணலில் கிணறு போட்டுக் குடிக்கிறார்கள். மதுரையைத் தாண்டுகிற இடத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதே போதும், அந்தத் தண்ணீரில் எவ்வளவு கழிவு இருக்கிறது என்று சொல்ல. ஆகாயத்தாமரை நல்ல தண்ணீரில் அப்படிக் கொழுக்காது.

முதல் மழைதான் மோசம். நாலு மாதமாகத் தெருவில் கிடந்த டயர்த் தூசி, ஒர்க்‌ஷாப் ஆயில், சாணி, இறைச்சிக் கடைக் கழிவு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகும். அழுகுகிற பொருள் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். மறுநாள் கண்மாயில் மீன் செத்து மிதக்கும், மீன்பாசி குத்தகை எடுத்தவர் தலையில் கை வைப்பார். 2022-இல் அயன்பாப்பாக்குடி கண்மாய்த் தண்ணீரில் நுரை பொங்கிச் சாலை வரை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் மேலேயிருந்து விழுந்து துள்ளும் இடத்தில் சோப்புக் கழிவு அப்படித்தான் நுரைக்கும்.

6 நவம்பர் 2024

கிருதுமால் நதியை ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். சொன்னால் மனசு கஷ்டமாக இருக்கும், அதனால்தான். ஒரு ராஜா தர்ப்பணம் செய்யக் கையில் நீரை அள்ள, உள்ளங்கையில் மீனாகப் பெருமாள் வந்தது இந்த நதியில் என்பது புராணம். இன்று அதைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துகிறோம். கீழே விருதுநகர், சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் இன்னும் அந்தத் தண்ணீருக்குக் காத்திருக்கிற கண்மாய்கள் இருக்கின்றன.

17 நவம்பர் 2024

"மாடிப் பைப்பைச் சேம்பரிலிருந்து கழற்றி எங்கே விடுவது, மழைநீர்க் குழியிலா?" பெரும்பாலும் ஆம். ஆனால் 2003-இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது நான் போட்ட குழிகளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவசர அவசரமாகப் போட்டோம். மூன்றடி விட்டத்தில் உறை, உள்ளே ஜல்லி, மேலே சிலாப். போட்டதோடு சரி. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. சென்ற வாரம் ஒன்றைத் திறந்தேன். ஜல்லிக்கு மேல் ஒரு சாண் கனத்துக்குக் களிமண் மாதிரி வண்டல், அதில் வேப்பங்கொட்டை, ஒரு சிறுபிள்ளைச் செருப்பு. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன். இருபது நிமிஷம் அப்படியே நின்றது. ஜல்லியை எடுத்துக் கழுவி, மேலே மணல் போட்டு, மறுபடி ஊற்றினேன். உறிஞ்சியது.

குழிக்கு முன்னால் பைப்பில் ஒரு டி (மூன்று வாய் உள்ள இணைப்பு) வைத்து மூடி போடுங்கள். வருஷத்தின் முதல் மழையை அதன் வழியே வெளியே விட்டுவிட்டு, அடுத்த மழையிலிருந்து குழிக்குத் திருப்புங்கள். ஆவணியில் ஜல்லியைக் கழுவுங்கள். கரிசல், களி மண் உள்ள இடத்தில் குழி மட்டும் குடிக்காது, தொட்டி கட்டிப் பிடித்துப் புழங்குவதுதான் வழி. செல்லூரில் எல்லா வீட்டிலும் ஆழமாகத் துளை போட்டு விடு என்று சொல்ல மாட்டேன். மேல் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கும்போது அதை நிலத்தடிக்கு நேராக இறக்குவது பாவம்.

அக்டோபர் 27-ஆம் தேதி "தண்ணீர் நிற்க இடம் வேண்டும்" என்று கண்மாயை நினைத்து எழுதினேன். வீட்டுக்கு நாலு டேங்க் தண்ணீரில் இரண்டு டேங்க் வீட்டிலேயே நின்றாலும் அது ஒரு கண்மாய்தான்.

12 பிப்ரவரி 2025

நேற்று தைப்பூசம், தெப்பம் பார்த்தேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் வாசல்படி வரை தண்ணீர். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டியது. பனையூர் கால்வாய் வழியாக வைகைத் தண்ணீர் வந்து நிறையும்படி செய்திருந்தார்கள். அந்தக் கால்வாய் அடைபட்டபின் எத்தனையோ வருஷம் வறண்டு, பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். சமீப வருஷங்களில் கால்வாயைத் தூர்வாரி மறுபடி நிரப்புகிறார்கள். காமராஜர் சாலைப் பக்கம் எனக்கு வழக்கமான வீடுகள் உண்டு. போர்வெல்லில் 300 அடியில் தொங்கிய மோட்டாரை இப்போது 150 அடிக்கு மேலேற்றிக் கொடுத்திருக்கிறேன், மூன்று வீட்டில். அடைபட்ட ஒரு கால்வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு இது போதும்.

டென்மார்க்கில் வேலை பார்க்கும் தம்பி சொன்ன செய்தியும் பொருத்தம். கோபன்ஹேகனில் 2011 ஜூலை 2 அன்று சில மணி நேரத்தில் 13 செ.மீட்டருக்கு மேல் மழை. அப்புறம் அவர்கள் குழாயைப் பெரிதாக்குவதோடு நிற்காமல், பூங்காக்களைத் தாழ்த்தி, பெரிய மழைக்கு அவை குளமாகும்படி கட்டினார்களாம். கரை, உள்வாய் (கண்மாயில் தண்ணீர் நிற்கிற பரப்பு), கலுங்கு என்று நான் சொன்னால் பழம்பெருமை என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2 ஜூன் 2025

எல்லாரும் பந்தல்குடி கால்வாயைப் பற்றியே கேட்கிறீர்கள். மே 31 அன்று முதல்வர் வருகைக்காகக் கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள், செய்தி பரவியதும் அகற்றினார்கள், முதல்வர் வந்து கால்வாயைப் பார்த்தார். அரசியல் எனக்கு வேண்டாம். எனக்கு வலித்தது வேறு. துணியால் மறைப்பது இரண்டு நாள் வேலை. நாம் சிலாப் போட்டு 30 வருஷமாக மறைத்து வைத்திருக்கிறோமே? நாறுகிற வாய்க்காலை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மூடு, குறுக்கு, சீக்கிரம் ஓட்டிவிடு என்றுதான் தோன்றும். கண்மாயும் ஓடையும் போனது நிலத்தாசையால் மட்டும் இல்லை. முதலில் அழுக்காக்கினோம். அழுக்கானபின் அது போனால் நல்லது என்று நமக்கே ஆகிவிட்டது. எனவே சாக்கடையைப் பிரிக்காமல் கண்மாயைக் காப்பாற்று என்று சொல்வது நடக்காத காரியம். இதை நான் அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும், எனக்குப் புரிய எட்டு மாதம் ஆனது.

செல்லூர் கண்மாயிலிருந்து வைகைக்கு 11.9 கோடி ரூபாயில் 290 மீட்டர் சிமெண்ட் கால்வாய் என்று அறிவித்தபோது, "சிமெண்ட் போட்டால் நிலம் எப்படிக் குடிக்கும்" என்று நான் எதிர்த்தேன். அந்த எதிர்ப்பில் இப்போது பாதி வாபஸ். ராத்திரி வருகிற மறுகாலுக்குத் தனி வழி இருந்தால் கட்டபொம்மன் நகர் தப்பிக்கும். அந்த 290 மீட்டர் குடித்தாலும் எவ்வளவு குடிக்கும்? நிலம் குடிக்க வேண்டிய இடம் மேலே, கண்மாய் உள்வாய். அங்கே தூர்வாருவதை விட்டுவிட்டுக் கால்வாயை மட்டும் கட்டினால் எதிர்ப்பேன்.

7 செப்டம்பர் 2025

இந்த ஆவணியில் புட்டுத் திருவிழா நடக்கிற புட்டுத்தோப்புக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வைகை உடைத்துக்கொண்டதும் பாண்டியன் வீட்டுக்கு ஒருவர் வந்து கரையடைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டான். அவரவருக்கு அளந்த பங்கு. வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை, சொக்கநாதர் கூலியாளாக வந்து உதிர்ந்த புட்டுக்கு மண் சுமந்தார். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இந்த தடவை அம்மா கேட்டார்: "அப்ப எல்லா வீட்டுக்கும் பங்கு இருந்துச்சுல்ல?"

வீட்டுக்கு வந்து பழைய கணக்கு நோட்டுகளை எடுத்தேன். 1996-லிருந்து இருக்கிறது, அதற்கு முந்தையது கரையான் தின்றுவிட்டது. மாடிப் பைப்பைச் சேம்பரில் விட்ட வேலைகளைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டு வந்தேன். இதுவரை 112 வீடு. பாதி பேர் வீட்டை விற்றுப் போயிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். ஐந்து வீட்டில் கழற்றி மாற்றியாயிற்று. பைப், எல்போ காசு மட்டும் கொடுத்தால் போதும், கூலி வேண்டாம். வாசல் டைல்ஸ் உடைக்க மனசில்லாதவர்களுக்குச் சுவர் ஓரமாகவே வெளியே கொண்டுவர ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன், ஒரு டைல்ஸ் மட்டும் எடுத்தால் போதும். செல்லூர், நரிமேடு, ஆழ்வார்புரத்தில் மழை நேரத்தில் பாத்ரூம் சேம்பர் பொங்குகிறது என்றால், மாடிப் பைப் எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். மாடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சேம்பர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும்.